இரண்டு தடவை மிதித்த கால்

1944 ஆகஸ்ட் 25 அன்று பிரான்சில் அமெரிக்க ராணுவம் ஒரு லாரிப் பாதையைத் திறந்தது. ஜூன் மாதம் நார்மண்டிக் கரையில் இறங்கிய படைகள் ஜெர்மானியரைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டன; பெட்ரோலும் குண்டும் சாப்பாடும் பின்னால் தங்கிவிட்டன. ரயில் பாதைகளை நேசநாட்டு விமானங்களே ஏற்கனவே குண்டுபோட்டு நாசம் பண்ணியிருந்தன. மிச்சம் இருந்தது லாரிதான். சேன்-லோ பக்கத்திலிருந்து ஷார்த்ர் பக்கம் போவதற்கு ஒரு சாலை, காலி வண்டி திரும்புவதற்கு இன்னொரு சாலை, இரண்டிலும் பொதுமக்கள் வண்டிக்கு அனுமதி இல்லை. 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க ரயில்வேயில் அவசரச் சரக்குக்கு வழங்கிவந்த பெயர் அது. ஐந்தாம் நாளே, 132 லாரிக் கம்பெனிகளின் 5,958 வண்டிகள் 12,342 டன் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. நவம்பர் 16-ஆம் தேதி பாதையை மூடும்போது மொத்தக் கணக்கு நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டன்னைத் தாண்டியிருந்தது. ஓட்டியவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள்.

இந்த எண்கள் ராணுவ வரலாற்று நூல்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியது எண் அல்ல, கால். அந்த லாரிகளின் கிளட்சை மிதித்த இடது கால்.

நம்மூர் லாரிக்காரர்கள் 'டபுள் கிளட்ச்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற காரியம் அது. எழுத்தாளர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். கியர்பாக்சுக்குள் ஒரு பக்கம் இன்ஜின் சுழற்றுகிற தண்டு, மறுபக்கம் சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிற தண்டு. கியரை மாற்றும்போது வேறு வேறு வேகத்தில் சுற்றுகிற பற்களை ஒன்றோடொன்று கோக்க வேண்டியிருக்கிறது. வேகம் ஒத்துவராவிட்டால் கர்ரென்று பல் கடிக்கும், கியர் விழாது. மேட்டில் ஏறுகிற வண்டியைக் கீழ் கியருக்கு இறக்குவதாக வைத்துக்கொள்வோம். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு காலை எடுக்க வேண்டும், காரணம் கிளட்ச் மிதிபட்டிருக்கிற வரை இன்ஜினின் சுழற்சி கியர்பாக்சுக்குள் போகாது. காலை எடுத்த அந்தக் கணத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி உள்தண்டின் வேகத்தைக் கூட்ட வேண்டும். மறுபடி கிளட்ச், அப்புறம் கியர். எல்லாம் இரண்டு விநாடிக்குள். எவ்வளவு தட்டுவது? அதை எந்த மீட்டரும் காட்டாது, காதுதான் சொல்ல வேண்டும். பாரம் ஏறினால் அளவு மாறும், சரிவில் மாறும். மேட்டு நடுவில் தவறவிட்டால் வண்டி பின்னோக்கி உருளும், பின்னால் இன்னொரு லாரி வந்துகொண்டிருக்கும்.

இதன் ஆதிகதை 1890-களின் பாரிசில் இருக்கிறது. பனார் எ லவாசோர் கம்பெனி நகரும் பல்சக்கரங்கள் கொண்ட கியர்பாக்சைக் காரில் பொருத்தியது. எமில் லவாசோர் தன் கருவியைப் பற்றி, முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை செய்கிறது என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்த முரட்டுத்தனத்தை மென்மையாக்கும் பொறுப்பு அடுத்த முப்பது முப்பத்தைந்து வருஷத்துக்கு ஓட்டுகிறவன் காலிலேயே கிடந்தது. பணக்காரர்கள் சம்பளத்துக்கு டிரைவர் வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். எஜமானன் சொந்தமாக ஓட்ட ஆசைப்பட்டபோதுதான் அது 'பிரச்சினை' ஆயிற்று. ஏர்ல் தாம்ஸன் என்ற அமெரிக்கர் 'சிங்க்ரோமெஷ்' என்ற அமைப்பைக் கண்டுபிடித்தார்: பற்கள் கோத்துக்கொள்வதற்கு முன்னால் கூம்பு வடிவ உலோகப் பரப்பு ஒன்று இன்னொன்றோடு உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் அதை வாங்கி 1929-ஆம் வருஷ மாடல் காடிலாக்கில் பொருத்தியது. காதும் காலும் சேர்ந்து செய்த வேலை உலோகத்துக்குள் போயிற்று.

ரெட் பால் பாதையின் பிரதான வண்டி, ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரி, அதே ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்புதான். போர்க்காலத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதன் ஐந்து கியர் பெட்டியில் சிங்க்ரோமெஷ் கிடையாது. காடிலாக்குக்கு வந்து ஒன்றரைப் பத்தாண்டு கழிந்தும் லாரிக்கு வரவில்லை. அதிகாரிகள் சவாரி செய்த ஜீப்பிலோ இரண்டாவது, மூன்றாவது கியர்களுக்கு அது இருந்தது. இதை இனவெறிச் சதி என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். கனரக வண்டியில் சிங்க்ரோ கூம்புகள் சீக்கிரம் தேயும், எளிய பெட்டி மலிவு, பழுதும் குறைவு. அமெரிக்காவின் பெரிய லாரிகளில் இன்றுவரை சிங்க்ரோ இல்லாத பெட்டிகள் ஓடுகின்றன. ஆனால் ஒரு பொறியியல் முடிவு யாருடைய உடம்பைக் கணக்கில் நம்பி எடுக்கப்படுகிறது என்ற கேள்வியைப் பொறியாளர்கள் கேட்பதில்லை. பெட்டி எளிமையாக இருக்க வேண்டுமென்றால் கால் சிக்கலாக இருக்க வேண்டும்.

அந்தக் கால் யாருடையது? 1925-இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி தயாரித்த அறிக்கை ஒன்று கறுப்பர்களை மனத்திறனில் தாழ்ந்தவர்கள், துணிச்சல் குறைந்தவர்கள் என்று வகைப்படுத்தியது. இரண்டாம் உலகப் போரிலும் ராணுவம் நிறம் பிரித்தே நடந்தது. கறுப்பர்களில் பெரும்பான்மையோர் மூட்டை தூக்க, சாலை போட, லாரி ஓட்ட என்று 'சேவை'ப் பிரிவுகளுக்கு ஒதுக்கப்பட்டார்கள். சண்டை என்பது மேல், சேவை என்பது கீழ். (இந்த மேல்-கீழ் நமக்கொன்றும் புதிதில்லை.) ரெட் பாலுக்கு ஆள் போதாமல் போனபோது வேறு பிரிவுகளிலிருந்தும் இழுத்து வந்தார்கள், முன்னே பின்னே ஸ்டீரிங்கைத் தொட்டிராதவர்களும் அதில் இருந்தார்கள். சொற்பப் பயிற்சிக்குப் பிறகு நேராகச் சாலைதான்.

விதிப்படி மணிக்கு 25 மைல் வேகம், லாரிக்கும் லாரிக்கும் இடையில் 60 கஜம். ராத்திரியில் 'பூனைக்கண்' என்று சொல்லப்பட்ட மினுக்கு விளக்குகள் மட்டும். வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 'கவர்னர்' கருவியை டிரைவர்கள் கழற்றிப் போட்டார்கள், அல்லது ஏமாற்றினார்கள். மேடு ஏறுவதற்கு இன்ஜினுக்கு வலு வேண்டும், முன்னால் காத்திருக்கிற டாங்கிக்குப் பெட்ரோல் வேண்டும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினார்கள். வண்டியை நிறுத்தாமலே ஸ்டீரிங்கை ஒருவர் விட இன்னொருவர் பிடித்து இடம் மாறிக்கொண்டதாகப் பின்னாளில் பழைய டிரைவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டயர் வெடித்தது, தூக்கத்தில் வண்டிகள் பள்ளத்தில் இறங்கின. இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு மேட்டிலும் ஒவ்வொரு வளைவிலும் மிதி, விடு, தட்டு, மிதி.

மிஷல் ஃபூக்கோ 1975-இல் வெளியான தன் நூலில், சிப்பாயின் உடம்பும் துப்பாக்கியும் அங்குலம் அங்குலமாக இணைக்கப்பட்ட விதத்தை விவரிக்கிறார். அதிகாரம் உடம்பைப் பகுத்து, அசைவு அசைவாகப் பழக்கி, பணிந்த உடலாக ஆக்குகிறது. நம் சிறுபத்திரிகைகளில் இது மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. டபுள் கிளட்சையும் அதற்குள் அடைத்துவிடலாம்தான். ராணுவம் அசைவுகளை எண்போட்டுச் சொல்லிக்கொடுக்கத்தான் செய்தது. ஆனா காதை எப்படி எண்போடுவது? அந்த ஒரு தட்டின் அளவு கட்டளையில் அடங்காது. கவர்னரைக் கழற்றிய கையும் இதே உடம்பின் கைதான். பணிய வைக்கப்பட்ட உடல் தனக்கென்று ஒரு அறிவைச் சேர்த்துக்கொண்டது, அதை வைத்து மேலதிகாரியின் விதியை மீறியது. மீறல் அந்த மேலதிகாரியின் போரையே ஜெயிக்க வைத்தது என்பது இதில் இருக்கிற கசப்பு.

ஹாரி பிரேவர்மன் 1974-இல் எழுதிய நூலில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கின் வகைப்பாட்டைக் கிண்டல் செய்கிறார். குதிரைவண்டி ஓட்டினால் திறனற்ற தொழிலாளி, மோட்டார் ஓட்டினால் பாதித்திறன் கொண்டவன். இப்படித்தான் காகிதத்தில் 'திறன்' உயர்ந்தது என்கிறார். சரியான கிண்டல். ஆனால் மோட்டார் ஓட்டுவதை யாருக்கும் எளிதில் வந்துவிடுகிற காரியமாக அவர் எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் மனதில் இருப்பது சிங்க்ரோமெஷ் வந்தபிறகான கார் என்று நினைக்கிறேன். தொழிலாளியிடமிருந்து அறிவு பிடுங்கப்படுவதைப் பற்றி எழுதிய ஆளே அந்த அறிவு இருந்த ஒரு இடத்தைப் பார்க்கத் தவறியிருக்கிறார்.

ஐசன்ஹோவர் 1948-இல் வெளியான தன் போர் நினைவு நூலில், வெற்றிக்கு இன்றியமையாதவை என்று உயரதிகாரிகள் கருதிய கருவிகளைப் பட்டியலிடுகிறார்: புல்டோசர், ஜீப், இரண்டரை டன் லாரி, சி-47 விமானம். லாரி பட்டியலில் வந்துவிட்டது. 1952-இல் யூனிவர்சல் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்றே ஒரு படம் எடுத்தது, இயக்கியவர் பட் பெட்டிக்கர். கதாநாயகன் வெள்ளை லெப்டினன்ட். சிட்னி பாய்ட்டியே உட்பட கறுப்பு டிரைவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சிறுபான்மையாக. முக்கால் கால் ஆகிவிட்டது.

1948 ஜூலை 26-இல் அதிபர் ட்ரூமன், ராணுவத்தில் நிறபேதமின்றிச் சமநடத்தை வேண்டுமென்று ஆணையிட்டார். நடைமுறைக்கு வர கொரியப் போர் வரை இழுத்தது. அதே கொரியப் போர்க்காலத்தில் ஜி.எம்.சி. தன் பழைய இரண்டரை டன்னுக்குப் பதிலாக எம்-135 என்ற லாரியைக் கொண்டுவந்தது. சிங்க்ரோமெஷ் கண்டுபிடித்த அதே ஏர்ல் தாம்ஸன் தலைமையில் 1930-களில் உருவான 'ஹைட்ரமேட்டிக்' தானியங்கி கியர் வகை அதில் இருந்தது. இடது காலுக்கு மிதிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ராணுவம் பின்னால் பல பத்தாண்டுகளுக்கு நிலையாக வைத்துக்கொண்டது அதை அல்ல. ரியோ கம்பெனி வடிவமைத்த எம்-35 லாரியை. அதில் கிளட்ச் உண்டு.