காம்பார்ப் போரும் தோட்டத்துச் சிறாரும்

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக்கு இடத் துணிந்தபோது, கோவூர்கிழார் இடைபுகுந்து அவர்களை உய்வித்தார் என்பது புறநானூற்று 46ஆம் பாட்டால் அறியப்படும் செய்தி. யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தும், புதிய மன்றத்தைக் கண்டு மருண்டும் நின்ற அச்சிறாரின் அறியாமையையே புலவர் அரசனுக்குக் காட்டினார். தந்தையின் பகைக்கு மக்கள் பொறுப்பாகார் என்னும் இவ்வறம், தமிழர் குடியேறிய மலாயா மண்ணில் இருபதாம் நூற்றாண்டில் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று.

பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில், ஈப்போவுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் அமைந்த ஈயநகரம் காம்பார். ஜப்பானியர் 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கி, அம்மாத இறுதிக்குள் ஈப்போவைக் கைக்கொண்டனர். டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை பிரிட்டிஷாரும் இந்தியப் படையினரும் காம்பார்க் குன்றுகளில் அவர்களை எதிர்த்து நின்றனர். மேற்குக் கடற்கரையில் ஜப்பானியர் பின்புறமாக இறங்கவே, இவர்கள் தெற்கே பின்வாங்கினர். நான்கு நாட் போரைப் பற்றி நூல்கள் பல உள. ஆனால் அதன் பின் வந்த மூன்றரை ஆண்டுகளில் சுற்றுப்புறத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த சிறாருக்கு நேர்ந்ததைப் பேசுவன மிகச் சில.

குண்டுக்கு இரையாகும் குழந்தையை மட்டுமே போரால் கெட்ட குழந்தையாக எண்ணுவது பிழை. மலாயா தன் அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பெற்றுவந்தது. அவ்வரத்து குன்றவே மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. கொயினா மருந்து அருகியது. கால்வாய்கள் பேணப்படாமையால் கொசு பெருகி, மலேரியா மிகுந்தது. ரப்பருக்கு விலையின்மையால் பால்வெட்டு நின்று கூலியும் நின்றது. பள்ளி வயதுச் சிறார் பத்துப்பேர் இருப்பினும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. அப்பள்ளிகள் பல மூடப்பட்டன. துப்பாக்கியின் ஒலி அடங்கிய பின்னரும் போர் குழந்தையின் உண்கலத்திலும் உடலிலும் நடந்தது.

இவற்றினும் கொடிது சயாம் மரண ரயில். பான்போங்கையும் தான்பியூசயாத்தையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு மலாயாவிலிருந்து ஏறத்தாழ 75,000 தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் மிகுதியோர் தோட்டத் தமிழர். சிலர் நல்ல கூலி கிடைக்கும் என்னும் ஆசைமொழியை நம்பிச் சென்றனர். பலர் வலிந்து பிடித்துச் செல்லப்பட்டனர். வாந்திபேதியும் பசியும் பல்லாயிரவரைக் கொன்றன. தந்தை போனபின் தாயும் நோய்வாய்ப்பட, ஆதரவற்ற சிறார் பலர் தோட்டங்களில் எஞ்சினர். போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியலும் கல்லறையும் உண்டு. தமிழ்க் கூலிகளுக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஆதலின் அவர்தம் மக்கள் யார்யார் என்பதும் எழுதப்படாமற் போயிற்று.

சிறார் கருவியாக ஆக்கப்பட்டதற்கும் பேராக்கிலேயே சான்று உண்டு. ஈப்போவை அடுத்த பாப்பானில் மருத்துவத் தொண்டு செய்த சிபில் கார்த்திகேசு, காட்டில் மறைந்து போரிட்டோர்க்கு மருந்திட்டார் என 1943இல் சிறைப்பட்டார். அவரைப் பேசவைக்க, மகள் டானை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினர் ஜப்பானிய இராணுவக் காவலர். குழந்தை உயிர் பிழைத்தது. தாயோ பட்ட சித்திரவதையால் நலிந்து 1948இல் மறைந்தார். அவர்தம் நினைவு நூல் 1954இல் வெளிவந்தது. கோவூர்கிழார் கண்ட மன்றமும் இதுவும் வேறல்ல. இடைபுகுந்து தடுக்கும் புலவர்தாம் இங்கில்லை.

போருக்குப் பின் சுவாமி சத்தியானந்தா 1949இல் கோலாலம்பூரில் நிறுவிய சுத்த சமாஜம் போன்றவை ஆதரவற்ற சிறாரை ஏற்று வளர்த்தன. எனினும் அமைதி நெடிது நிலைக்கவில்லை. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதை அடுத்து 1948இல் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்தது. முள்வேலிக்குள் புதுக்கிராமங்கள் எழுந்தன. அவற்றுள் பிறந்து வளர்ந்த தலைமுறையும் ஒன்று உண்டு.

துன்பக் காலத்தில் குழந்தைக்கே முதல் உதவி என ஜெனீவா அறிக்கை 1924இலேயே கூறிவிட்டது. ஆனால் அது அரசுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமன்று. போரால் பெற்றோரை இழந்த, பதினைந்து வயதுக்குட்பட்ட சிறாரைக் கைவிடலாகாது என்னும் கடப்பாடு 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில்தான் இடம்பெற்றது. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் தோன்றியது. மலேசியா 1995இல் அதில் இணைந்தது. இவ்விதிகளின் ஒவ்வொரு சொல்லும் முன்னரே பட்ட துன்பத்தின் விலையாகும்.

காப்பதற்கு முதற்படி கணக்கெடுத்தல். பெயர் அறியப்படாத குழந்தையைத் தேடுவார் இல்லை. தேடப்படாத குழந்தைக்கு உணவும் பள்ளியும் சென்றடைவதும் இல்லை. காம்பார்க் குன்றில் மாண்ட வீரரை நினைவுகூர்வது தக்கதே. அக்குன்றைச் சூழ்ந்த லயங்களில் தந்தை வரவை எதிர்நோக்கியிருந்த சிறாரின் கதையும் மாணவர்க்குச் சொல்லப்படுமாயின், புறநானூற்றுப் பாடம் அன்றே முழுமை பெறும்.