ஒட்டிய கைகளும் கழற்றிய கைகளும்: மியூனிக் சிற்பக்கூடத்து ஏஜினா சிலைகள்

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்று காணப்படும் கிரேக்க, உரோமப் பளிங்குச் சிலைகளுள் மண்ணிலிருந்து எடுத்த நிலையிலேயே காட்சிக்கு வந்தவை மிகச் சிலவே. 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, மூக்கும் கையும் இழந்து கிடைத்த ஒரு சிலை முதலில் சிற்பியின் பட்டறைக்குச் சென்று, இழந்த உறுப்புகளைப் புதிய பளிங்கில் பெற்று, அதன் பின்னரே செல்வர் ஒருவரின் மாளிகைக்குள் நுழைந்தது. மூளியான சிலையை விருந்தினர் கண்ணில் படும்படி நிறுத்துவது அக்காலத்து உயர்குடியினர்க்கு ஒவ்வாத செயலாக இருந்தது. நிறைவு செய்யப்படாத சிலைக்குச் சந்தையில் விலையும் குறைவு. ஆகவே ஒரே சிலையின் உடல் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்கும் முழங்கை 18ஆம் நூற்றாண்டுக்கும் உரியதாக அமைவது அன்று எவரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை. இந்த வழக்கத்தின் உச்சத்தையும் வீழ்ச்சியையும் ஒரே கற்களின் மேல் காண வேண்டுமானால், அதற்கு மியூனிக் நகரின் கிளிப்டோதேக் எனப்படும் சிற்பக்கூடத்தில் உள்ள ஏஜினா சிலைகளைவிடத் தக்க சான்று வேறில்லை.

இத்தொழிலின் தலைநகரம் உரோம். 1506 ஜனவரியில் எஸ்குவிலின் குன்றின் திராட்சைத் தோட்டமொன்றில் லாவோகூன் சிற்பத்தொகுதி, அதாவது பாம்புகளின் பிடியில் சிக்கிய திராயப் பூசாரியும் அவருடைய இரு மைந்தரும், வெளிப்பட்டபோது தந்தையின் வலக்கை கிடைக்கவில்லை. 1530களில் மொண்டோர்சோலி என்னும் சிற்பி அக்கையை வானோக்கி நீட்டியதாகச் செய்து பொருத்தினார்; அந்த நீட்டிய கையையே ஐரோப்பா நானூறு ஆண்டுகள் வியந்து வரைந்து படியெடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுட்விக் பொல்லாக் என்ற தொல்பொருள் அறிஞர் உரோமக் கல்தச்சர் ஒருவரின் பட்டறையில் தலைக்குப் பின்புறமாக மடங்கிய பழைய கையொன்றைக் கண்டெடுத்து வத்திக்கானுக்கு அளித்தார். அது லாவோகூனுக்கே உரியது என உறுதிப்பட்டு உடலில் சேர மேலும் ஐம்பது ஆண்டுகள் ஆயின.

18ஆம் நூற்றாண்டில் இவ்வேலை ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்தது. பர்த்தொலோமியோ கவசெப்பியின் பட்டறையில் பல சிற்பிகள் பணிபுரிந்தனர். அவர் 1768க்கும் 1772க்கும் இடையில் தாம் செப்பனிட்ட சிலைகளின் படங்களை மூன்று தொகுதிகளாக அச்சிட்டு, அவற்றிலேயே இத்தொழிலுக்கான நெறிகளையும் வகுத்துரைத்தார். புதிய உறுப்பு பழைய சிற்பியின் நடைக்கு இணங்க வேண்டும் என்பதும், புதியதைப் பொருத்துவதற்காகப் பழைய மேற்பரப்பைச் செதுக்கலாகாது என்பதும் அவற்றின் சாரம். நெறி இருந்ததே ஒழிய, அதைக் கடைப்பிடித்தவர் சிலரே. 1791இல் ஏட்ரியன் பேரரசரின் திவோலி மாளிகையில் கிடைத்த வட்டெறிவோன் சிலைக்கு உரோமப் பட்டறையில் பொருத்தப்பட்ட தலை முன்னோக்கித் தரையைப் பார்க்கிறது. அதே உருவத்தின் வேறொரு படி, தலை பின்னோக்கித் திரும்பி வட்டைப் பார்க்கும் நிலையில், பத்தாண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தும் தவறு திருத்தப்படவில்லை. சார்லஸ் டவுன்லி வாங்கிய அச்சிலை இன்றும் அந்தத் தலையுடனேயே பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

வழக்கத்திற்கு எதிரான முதல் பெருங்குரல் அதன் நடுவிலிருந்தே எழுந்தது. ஏதென்சின் பார்த்தெனோன் கோயிலிலிருந்து பெயர்த்த சிற்பங்களைச் செப்பனிட்டுத் தருமாறு எல்ஜின் பிரபு 1803இல் உரோமில் அந்தோனியோ கனோவாவை வேண்டினார். அக்கால ஐரோப்பாவின் முதன்மைச் சிற்பியான கனோவா, கிரேக்கர் கைபட்ட கல்லின் மேல் உளி வைப்பது பெரும்பாவம் என்று கூறி மறுத்தார். அச்சிற்பங்களைப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1816இல் 35,000 பவுனுக்கு வாங்கி, உடைந்த நிலையிலேயே காட்சிக்கு வைத்தது. ஆனால் அதே 1816இல்தான் உரோமின் மற்றொரு பட்டறையில் இதற்கு நேர்மாறான வேலை தொடங்கியது.

ஏஜினா, ஏதென்சுக்குத் தென்மேற்கே உள்ள சிறு தீவு. அதன் வடகிழக்கு முனையில் ஒரு குன்றின் மேல் நிற்கும் கோயிலை அளந்து வரைய 1811 ஏப்ரலில் நான்கு இளைஞர் புறப்பட்டனர்: ஆங்கிலேயரான சார்லஸ் காக்கரெல், ஜான் ஃபாஸ்டர், செருமானியரான ஹாலர் ஃபான் ஹாலர்ஸ்டைன், யாக்கோப் லிங்க். எல்ஜினின் கடைசிப் பெட்டிகளோடு கவிஞர் பைரனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கப்பலை அவர்களுடைய படகு கடலில் கடந்து சென்றது என்பது காக்கரெலின் குறிப்பால் தெரிகிறது. எல்ஜினின் செயலைப் பழித்துப் பாடிய அக்கவிஞர், இந்த இளைஞரைக் கப்பலுக்கு அழைத்து மதுவருந்தி வழியனுப்பினார். கோயிலின் அடித்தளத்தருகே தோண்டியபோது, கூரையின் இரு முனைகளிலும் உள்ள முகப்பு முக்கோணங்களிலிருந்து சரிந்து விழுந்த வீரர் சிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஒட்டோமானிய ஆட்சிக்குட்பட்ட அத்தீவின் பெரியோர்க்கு 800 பியாஸ்டர் கொடுத்து அவற்றை எடுத்துச் சென்றனர்.

அவற்றின் விற்பனை ஒரு நகைச்சுவை நாடகம் போல நடந்தேறியது. ஏலம் சாந்தே தீவில் 1812 நவம்பர் 1 என விளம்பரமாயிற்று. ஆனால் பிரெஞ்சுக் கப்பல்களுக்கு அஞ்சிச் சிலைகள் அதற்குள் மால்டாவுக்கு மாற்றப்பட்டிருந்தன. சிலைகள் இருக்கும் இடத்தில்தான் ஏலமும் நடக்கும் என எண்ணிப் பிரித்தானியத் தரப்பினர் மால்டாவில் காத்திருக்க, பவேரிய இளவரசர் லுட்விக்கின் முகவரான மார்ட்டின் ஃபான் வாக்னர் சாந்தேக்கே சென்று, ஒரு சிலையையும் கண்ணால் பாராமலேயே 10,000 செக்கினோ பொற்காசுக்கு அனைத்தையும் வாங்கிவிட்டார். நெப்போலியன் போர் முடிந்த பின்னரே பெட்டிகள் உரோமுக்கு வந்து சேர்ந்தன.

பெட்டிகளிலிருந்து வெளிவந்தவை ஐரோப்பியர் அதுவரை அழகென்று கற்ற எதனோடும் பொருந்தவில்லை. இவை கி.மு. 500ஐ ஒட்டிய பத்திருபது ஆண்டுகளில், பரோஸ் தீவின் பளிங்கில் செதுக்கப்பட்டவை. இரு முகப்புகளிலும் திராய் நகரின் மேல் கிரேக்கர் நடத்திய போர்களே காட்டப்பட்டுள்ளன; கிழக்கில் எராக்ளிஸ் கலந்துகொண்ட முதற்போரும், மேற்கில் அகமெம்னன் காலத்துப் போரும்; இரண்டிலும் நடுவே அதீனா தெய்வம் நிற்கிறாள். மேற்கு முகப்பின் மூலையில் ஒரு வீரன் முழங்காலை மடக்கிச் சாய்ந்திருக்கிறான். மார்பில் தைத்த அம்பை வலக்கையால் பிடுங்குகிறான். அவனுடைய உதடுகளிலோ புன்னகை. சாவிலும் மாறாத இப்புன்னகை வலியையோ துணிவையோ சுட்டுவதன்று. அக்காலக் கிரேக்கச் சிற்பிகள் முகத்துக்கு உயிர்ப்பூட்டக் கையாண்ட ஒரு மரபு. கலை வரலாற்றில் தொல்புன்னகை எனப்படுவது. சில ஆண்டுகளே பிந்திய கிழக்கு முகப்பின் மூலையில் மற்றொரு வீரன் வீழ்கிறான். அவன் இடக்கை இன்னும் கேடயப் பட்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, உடல் முறுகித் தரையை நோக்கித் திரும்ப, முகம் தாழ்கிறது, புன்னகை மங்கிவிட்டது. ஒரு கோயிலின் இரு முனைகளுக்கு இடையில் சிற்பக்கலை ஒரு காலத்தைக் கடந்துவிட்டதை இவ்விரு உடல்களும் காட்டுகின்றன.

செப்பனிடும் பணி உரோமில் வாழ்ந்த டென்மார்க் நாட்டுச் சிற்பி பெர்டல் தோர்வால்ட்சனிடம் 1816இல் ஒப்படைக்கப்பட்டு 1818இல் முடிந்தது. கனோவாவுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட அவர் தலை, கை, கால், தலைக்கவசத்தின் கொண்டை ஆகியவற்றைப் பளிங்கில் செய்து, பழைய கல்லின் நிறத்தையும் தேய்வையும் ஒத்திருக்கும்படி பதப்படுத்தினார். எந்தெந்த உறுப்புகள் அவருடையவை என்று கேட்டவருக்கு, தமக்கு நினைவும் இல்லை, பார்த்துக் கண்டுபிடிக்கவும் இயலவில்லை என்று அவர் விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. அதைத் தற்பெருமை என ஒதுக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் இத்தொழிலின் இலக்கே அதுதான். ஆனால் புதிய உறுப்பு ஒழுங்காகப் பொருந்த வேண்டி, உடைந்த இடங்களின் கரடுமுரடான பரப்பு தட்டையாக வெட்டப்பட்டது. இரும்பு முளை செருகத் துளைகள் இடப்பட்டன. கவசெப்பி எழுதி வைத்த நெறி மீறப்பட்டது இங்கேதான். பின்னால் நேர்ந்த இடர்கள் எல்லாவற்றுக்கும் வேர் இதுவே.

கொடுத்தவர் பெற்றதும் உண்டு. கோயிலின் கூரை உச்சியை அணிசெய்த, ஆடையைக் கையால் பற்றி நேரே நிற்கும் சிறு பெண்ணுருவங்கள் தோர்வால்ட்சனின் கண்ணில் தங்கிவிட்டன. 1817இல் அவர் செய்த ‘நம்பிக்கை’ என்னும் சிலை அந்த நிலையையும் மடிப்புகளையும் எடுத்தாள்கிறது. தொல்பழங் கிரேக்க நடையை ஐரோப்பியச் சிற்பி ஒருவர் விரும்பிக் கையாண்ட மிகத் தொடக்ககாலச் சான்றுகளுள் அதுவும் ஒன்று.

சிலைகளுக்கென மியூனிக்கில் லியோ ஃபான் கிளென்ட்ஸே 1816 முதல் 1830 வரை கட்டியெழுப்பிய மாளிகை ஒரு சதுர முற்றத்தைச் சுற்றிய நான்கு சிறகுகளால் ஆனது. வெளிச்சுவர்களில் சாளரம் இல்லை, ஒளி பெரும்பாலும் முற்றத்திலிருந்தே வருகிறது. எகிப்தில் தொடங்கி, ஏஜினாவைக் கடந்து, உரோமர் காலம் வழியாக, கனோவாவின் பாரிசும் தோர்வால்ட்சனின் அடோனிசும் நின்ற ‘புதியோர் கூடம்’ வரை கால வரிசையில் நடந்து செல்லும்படி கூடங்கள் அமைந்தன. வண்ணப் பளிங்குத் தளமும் பொன்பூச்சு விதானமும் பெருஞ்சுவரோவியங்களும் சிலைகளை விழுங்கிவிடும் என வாக்னர் வாதிட்டார். அவர் சொல் எடுபடவில்லை.

அதே வாக்னர் 1817இல், மெய்யியலாளர் ஷெல்லிங்கின் குறிப்புகளுடன் வெளியிட்ட அறிக்கை, இச்சிலைகளில் எஞ்சியிருந்த சிவப்பையும் நீலத்தையும் உறுப்பு உறுப்பாகப் பதிவு செய்தது. உலோக ஆயுதங்களைப் பொருத்திய துளைகளும் அதில் இடம்பெற்றன. கிரேக்கச் சிலை என்றால் வெண்மை என்று பயின்ற கண்களுக்கு இது கசந்ததாகலாம். எப்படியோ, தோர்வால்ட்சனின் வேலையில் வண்ணத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

1901இல் அடோல்ஃப் ஃபுர்ட்வெங்லர் அக்கோயிலை மீண்டும் அகழ்ந்தார். சேயுஸ் கோயில் எனக் கருதப்பட்டு வந்த அது அஃபையா என்னும் பெண்தெய்வத்தின் கோயில் என்று கல்வெட்டொன்று உணர்த்தியது. பல புதிய துண்டுகளும் கிடைத்தன. அவற்றைக் கொண்டு, வீரர்கள் அதீனாவின் இருபுறமும் வரிசையாக நிற்கவில்லை, சிறு சிறு குழுக்களாகப் பொருதனர் என அவர் நிறுவினார். தோர்வால்ட்சனின் அமைப்பு அன்றே அறிவுலகில் செல்வாக்கிழந்தது. எனினும் சிலைகளில் அது அறுபது ஆண்டுகள் அப்படியே நின்றது.

இடையில் இக்கூடம் அரசியலுக்கும் இடமானது. வட்டெறிவோனின் சரியான தலையைத் தாங்கிய உரோமப் படியை 1938இல் இட்லர் இத்தாலியிலிருந்து வாங்கி இங்கே காட்சிக்கு வைத்தார். போருக்குப் பின் 1948இல் அது திருப்பி அனுப்பப்பட்டது. சிலைகள் முன்னரே அகற்றப்பட்டிருந்ததால் 1944ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் தப்பின. பீட்டர் கொர்னேலியசின் சுவரோவியங்களும் கிளென்ட்ஸேயின் அணிவேலைகளும் அழிந்தன. 1972இல் மீண்டும் திறக்கப்பட்ட கூடத்தில் செங்கல்லின் மேல் மெல்லிய வெண்பூச்சு மட்டுமே இருந்தது. வாக்னர் கேட்ட எளிமையை நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து வெடிகுண்டு வழங்கியது எனலாம்.

அதற்கு முன்பே, 1960களில், இயக்குநர் டீட்டர் ஓலி தோர்வால்ட்சனின் உறுப்புகளைக் கழற்றிவிட்டுப் புதிய துண்டுகளையும் சேர்த்துச் சிலைகளை மாற்றியமைத்தார். அறிவியல் நோக்கில் அவர் செய்தது சரி என்பதில் ஐயமில்லை. பொய்யான நிலைகள் நீங்கின, முகப்புகளின் பொருள் தெளிந்தது. ஆயினும் அவருடைய செயல் சிலைகளை 1811க்குக் கொண்டு செல்லவில்லை. கழற்றிய இடத்தில் பழைய உடைப்பு இல்லை. தோர்வால்ட்சனின் உளி வெட்டிய தட்டைப் பரப்பும் முளைத் துளையும்தான் உள்ளன. தோளின் அருகே நின்று பார்ப்பவர்க்கு, கை முறிந்ததாகத் தோன்றுவதில்லை, அறுத்தெடுக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. மேலும், 19ஆம் நூற்றாண்டின் பெருஞ்சிற்பி ஒருவரின் மூன்றாண்டு உழைப்பு, அதாவது ஐரோப்பியச் சிற்பக்கலையின் ஒரு முழுப் படைப்பு, காட்சியிலிருந்து மறைந்தது. எஞ்சிய துண்டே மெய் என்னும் எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் சுவை. முழுமையே அழகு என்பது முந்தைய நூற்றாண்டுகளின் சுவை. பின்னது பிழை என்பதனாலேயே முன்னது சுவை என்னும் நிலையைக் கடந்துவிடுவதில்லை. 2011இல் அக்கூடம் நடத்திய ஏஜினா சிலைகளின் இருநூறாம் ஆண்டுக் காட்சியில் தோர்வால்ட்சனின் அமைப்புக்கும் மீண்டும் இடம் கிடைத்தது.

வண்ணமும் திரும்பி வந்தது. தொல்பொருள் அறிஞர் வின்சென்ஸ் பிரிங்க்மன், பரப்பை ஒட்டிச் சாய்வாக ஒளி பாய்ச்சியும் புறஊதாக் கதிரைப் பயன்படுத்தியும், நிறமி காத்த இடம் குறைவாகவும் காக்காத இடம் மிகுதியாகவும் தேய்ந்திருப்பதைக் கொண்டு, மேற்கு முகப்பின் திராய வில்வீரன் அணிந்த சட்டையிலும் காற்சட்டையிலும் இருந்த சாய்சதுரக் கோலங்களை மீட்டெடுத்தார். 2003இல் அதே கூடத்தில் அவ்வில்வீரனின் வண்ணப்படி வைக்கப்பட்டபோது, கண்கூசும் மஞ்சளும் நீலமும் சிவப்பும் பார்வையாளர் பலரைத் திகைக்க வைத்தன. இம்முறை எவரும் மூலச் சிலையைத் தொடவில்லை. வண்ணம் பூசப்பட்டது வார்ப்பின் மேல்தான்.

ஆயினும் நெறி அக்கூடத்துக்குள்ளேயே ஒருமித்து நடைமுறைப்படவில்லை. அங்குள்ள புகழ்பெற்ற பார்பெரினி ஃபாவுன், மதுமயக்கத்தில் பாறை மேல் சாய்ந்துறங்கும் காட்டுத் தெய்வம், உரோமில் ஏட்ரியன் கல்லறையருகே 1620களில் கிடைத்தது. 1799இல் வின்சென்சோ பச்செத்தி அதற்கு வலக்காலைப் பளிங்கில் செய்து கொடுத்தார். இன்று அதன் இடக்கை ஒட்டுவேலை ஏதுமின்றி மொட்டையாக நிற்கிறது. பச்செத்தியின் காலோ உடலுடனேயே இருக்கிறது, ஏனெனில் அதை எடுத்துவிட்டால் உறங்குபவன் எப்படிச் சாய்ந்திருக்கிறான் என்பதே விளங்காது.