இலங்கையின் கனிய வளப் பரம்பல்

இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியனுக்கு முந்திய பளிங்குருப் பாறைகளாலானது. மேற்கே வன்னித் தொகுதி, நடுவே உயர்நிலத் தொகுதி, கிழக்கே விஜயன் தொகுதி என அவை பிரிகின்றன. வடமேற்கிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அவற்றின்மேல் மயோசீன் காலச் சுண்ணக்கல் படிந்துள்ளது. எந்தக் கனியம் எங்கே கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்தப் பிரிவே தீர்மானிக்கிறது.

இரத்தினக்கற்கள் பெரிதும் உயர்நிலத் தொகுதிக்கு உரியவை. பாறை சிதைந்தபின் நீலமும் வைடூரியமும் ஆற்றோடு உருண்டு பள்ளத்தாக்குகளில் சரளையோடு புதைந்தன. இரத்தினபுரி வயல்களில் இந்தச் சரளைப் படையை ‘இல்லம்’ என்பர். குழியின் பக்கங்கள் சரியாதபடி மரச்சட்டமும் தழையும் வைத்து அடைத்துக்கொண்டே கீழிறங்குவார்கள். எடுத்த சரளையைக் கூடையிலிட்டு நீரில் சுழற்றினால் மண் கரைந்தோட, கனத்த கற்கள் அடியில் தங்கும். சபரகமுவவில் கிடைத்த தோரியனைட்டு என்னும் தோரியக் கனியத்தை 1904இல் கண்டறிந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராகவே போற்றப்படும் அவர், இலங்கைக் கனியவியல் அளவையின் முதல் இயக்குநர் என்பதும் நினைக்கத் தக்கது.

கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் காரீயம் (பென்சிற்கரி) பாறைப் பிளவுகளில் நாளங்களாக ஓடுகிறது. இத்தகைய தூய நாளக் காரீயம் வணிக அளவில் வேறெங்கும் கிடைப்பது அரிது.

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் அலைகள் கனிய மணலைச் சேர்க்கின்றன. இல்மனைட்டே அதில் பெரும்பங்கு. ரூட்டைலும் சிர்க்கோனும் உடனிருக்கின்றன. இம்மணல் நெடுங்காலமாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுவது நாட்டுக்குப் பேரிழப்பு.

வடக்கின் சுண்ணக்கல்லைத் தனியே நோக்க வேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை இதை நம்பியே எழுந்தது. 1990இல் போரால் நின்றது. ஆனால் வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் மழைநீரைத் தேக்கிக் கிணறுகளுக்குத் தருவதும் இதே கல்தான். அதன் துளைகளில் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கல்லை ஆழமாக அகழ்ந்தாலோ நீரை அளவுக்கு மீறி இறைத்தாலோ உப்பு மேலேறும். ஆகவே இங்கே கல்லகழ்வு என்பது குடிநீரைத் தொடும் முடிவு.

அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இல் அப்பதைட்டு என்னும் பொசுபேற்றுக் கனியத்தின் படிவு கண்டறியப்பட்டது. எளிதில் கரையாததால் அதன் தூள் உரமாக நெல்லைவிடத் தேயிலை, தென்னை போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கே ஏற்றது. அப்படிவை வெளிநாட்டு நிறுவனம் பெருமளவில் அகழும் திட்டத்துக்கு எதிராக ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2000இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

உலோகத் தாதுக்கள் குறைவு. உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையருகே, சேருவிலவில் செம்பும் மக்னடைட்டும் கலந்த படிவு உள்ளது. புத்தளம் மாவட்டத்துப் பனிரெந்தாவையில் இரும்புத்தாது நிலத்துக்கடியில் கிடக்கிறது.