பிரதியெடுத்தல்: ஒரு குண்டுவீச்சு விமானமும் 1,05,000 வரைபடங்களும்

‘பிரதி’ என்ற சொல்லை ‘டெக்ஸ்ட்’ என்பதற்கு ஈடாகப் பயன்படுத்தி நாம் பழகிவிட்டோம். நான் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்த காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: காப்பி. டிரேசிங் பேப்பரில் மையால் கோடிழுத்து, அம்மோனியா பிரிண்ட் போட்டு, மூக்கு எரிய எரிய வாங்குகிற காகிதம். ஒரு பேரிங்கை மேஜைமேல் வைத்து, வெர்னியரால் அளந்து வரையச் சொல்வார்கள். ‘இது ஏன் இப்படி இருக்கு’ன்னு கேட்கக்கூடாது. ‘எவ்வளவு இருக்கு’ன்னு மட்டும் கேட்கலாம்.

இதே வேலையை ஒரு வல்லரசு செய்த கதைதான் இது. 1944இல் ஜப்பானையும் அதன் பிடியிலிருந்த மஞ்சூரியாவையும் தாக்கப் போன அமெரிக்க பி-29 விமானங்களில் மூன்று, திரும்பிப்போக வழியின்றி, சோவியத் தூரக்கிழக்கில் விளாதிவஸ்தோக் பக்கம் இறங்கின. சோவியத் ஒன்றியம் அப்போது ஜப்பானோடு நடுநிலை ஒப்பந்தத்தில் இருந்தது. விமானங்கள் திருப்பித் தரப்படவில்லை. 1945இல் ஸ்டாலினின் உத்தரவு வந்தது: இதை அப்படியே செய். அப்படியேன்னா அப்படியே.

பொறுப்பு துப்போலெவிடம் தரப்பட்டது. அவர் தன் சொந்த வடிவமைப்பு ஒன்றில் ஈடுபட்டிருந்தார், அது ஒதுக்கப்பட்டது. 1937இல் கைதாகி, சிறைக்குள்ளேயே நடத்தப்பட்ட வடிவமைப்பு அலுவலகத்தில் விமானம் வரைந்தவர் அவர். ‘ஷரஷ்கா’ என்று கைதிகள் அழைத்த அந்த இடத்தில் பின்னாளில் ராக்கெட் செய்த கொரலியோவும் இருந்தார். கண்காணிப்பின் கீழ் உடல் பணிவதைப் பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டி நிறைய எழுதுகிறோம். டிராயிங் போர்டின் முன் குனிந்திருக்கும் முதுகைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. 1941இல் விடுதலையான மனிதருக்கு ‘மாற்றாதே’ என்ற உத்தரவு எப்படிக் கேட்டிருக்கும்?

மூன்று விமானங்களில் ஒன்று மாஸ்கோவில் கடைசி ஆணிவரை பிரிக்கப்பட்டது. ஒன்று பறந்து பழக. ஒன்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள. ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டார்கள், படம் பிடித்தார்கள், அளந்தார்கள், என்ன உலோகம் என்று சோதித்தார்கள், வரைந்தார்கள். சுமார் 1,05,000 வரைபடங்கள்.

சிக்கல் அங்குலத்தில் வந்தது. அமெரிக்கத் தகட்டின் தடிமன் அங்குலப் பின்னத்தில். சோவியத் ஆலைகளோ மில்லிமீட்டரில். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்றால் 1.5875 மி.மீ. அப்படியொரு தகடு அங்கே கிடையாது. 1.5 என்று வைத்தால் வலு குறையும், கூட்டி வைத்தால் எடை ஏறும். ஆகவே இடத்துக்கு இடம் தடிமனைத் திரும்பக் கணக்கிட வேண்டியதாயிற்று. எஞ்சின் அவர்களுடையது; பீரங்கிகளும். அச்சு அசல் நகல் என்பது உத்தரவில் மட்டுமே இருந்தது. மூலத்தின் இறக்கையில் தவறுதலாக விழுந்திருந்த ஒரு துளையையும் சேர்த்துக் காப்பியடித்தார்கள் என்றொரு கதை உலவுகிறது. நிரூபணம் இல்லை. பயம் எந்த அளவுக்கு இருந்தது என்பதற்குச் சாட்சியாக வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

1947 மே மாதம் து-4 பறந்தது. ஆகஸ்ட் 3 அன்று துஷினோ அணிவகுப்பில் மூன்று விமானங்கள் வந்தபோது, பிடிபட்ட மூன்றுதான் இவை என்று மேலைநாட்டார் நினைக்க இடமிருந்தது. பின்னாலேயே அதே சாயலில் நான்காவதாக ஒரு பயணிகள் விமானம் வந்தது. மொத்தம் 847 து-4கள் கட்டப்பட்டன.

கருவிக்கு வர்க்கம் கிடையாது, யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம் என்று தோழர்கள் சிலர் இன்றும் வாதிடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவை எரித்தவை பி-29கள். இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். வரைபடங்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதுவே. தற்செயல்தான், ஆனாலும் மனசு விடமாட்டேங்குது. நகரத்தின் மேல் குண்டு கொட்டுவதற்கென்று அளவெடுத்த வயிற்றை மில்லிமீட்டருக்கு மாற்றினால் அது வேறு வயிறாகிவிடாது. 1951 அக்டோபர் 18 அன்று, விமானத்திலிருந்து வீசப்பட்ட முதல் சோவியத் அணுகுண்டு து-4இலிருந்துதான் விழுந்தது.

பட்டறை ஒன்றில் வேலை பார்த்தபோது நானும் ஒரு பிராக்கெட்டை நாலு நாள் வரைந்தேன். எதற்கானது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வரைபடத்தின் வலது கீழ்மூலையில் கட்டங்கள் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். முதல் கட்டத்தில் என் இனிஷியலைப் போட்டுக் கொடுத்தேன்.