கட்டிக் கொடுத்தவரும் பூசிக் கொடுத்தவரும்

திருவான்மியூரில் கடற்காற்று படும் தெரு ஒன்றில் இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, புரமோட்டரிடம் வாங்கி மூன்று ஆண்டு ஆன ஃபிளாட். மற்றது முப்பது ஆண்டுப் பழைய தனி வீடு. கம்பி தெரிந்த அதன் பீமையும் சன்ஷேடையும் ஒரு கான்ட்ராக்டர் மூன்று ஆண்டுக்கு முன் சரிசெய்து கொடுத்திருக்கிறார். இந்த மழைக்கு இரண்டிலும் ஒரே மாதிரி விரிசல். கம்பி ஓடும் வாக்கிலேயே நீளமாக, ஓரத்தில் துருக்கறையோடு. கோளாறு ஒன்றுதான், ஆனால் முறையிடப் போகும் இருவரின் நிலை ஒன்றல்ல.

ஃபிளாட்காரருக்குத் துணை ‘ரெரா’ எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையையோ வேலைத்தரக் குறையையோ சுட்டிக்காட்டினால், 30 நாளில் புரமோட்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது 14(3) பிரிவு. தவறினால் இழப்பீடு. பழைய வீட்டுக்காரருக்கு இந்தச் சட்டம் உதவாது. விற்பனையோ புது ஒதுக்கீடோ இல்லாத பழுதுபார்ப்புக்குப் பதிவே வேண்டாம் என்று 3ஆம் பிரிவு ஒதுக்கிவிட்டது. (உள்தெருக்களில் முளைக்கும் நாலு வீட்டு அடுக்குமாடிகளும், 8 வீட்டுக்கு மேற்படாத கட்டடங்கள் என்ற கணக்கில், பதிவுக்கு வெளியே நிற்பவையே. ‘ஃபிளாட் வாங்கியிருக்கிறோம், ரெரா இருக்கிறது’ என்று எல்லாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.)

பழைய வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் காலக்கெடு 2 ஆண்டு. இங்கேதான் சட்டத்தின் கணக்கும் துருவின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. மேலோட்டமாகப் பூசிய வேலை முதல் மழைக்காலத்தைச் சமாளித்துவிடும். இரண்டாவதில் லேசாக உப்பும். மூன்றாவதில்தான் வெடிக்கும். 5 ஆண்டுக் கெடுவுக்குள் இந்தக் கோளாறு அடங்கும், 2 ஆண்டுக் கெடுவிலிருந்து வழுக்கிப்போகும். கான்ட்ராக்டரின் வக்கீல் வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணுவார், உங்கள் வக்கீல் விரிசல் தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

கெடுவைவிடப் பெரிய வேறுபாடு, குற்றத்தை யார் தலையில் கட்டுவது என்பது. 2022 பிப்ரவரியில் குருகிராம் செக்டர் 109-இல் ஓர் அடுக்குமாடியின் பகுதி சரிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஆறாம் மாடி ஃபிளாட் ஒன்றில் அப்போது தரை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆனால் டெல்லி ஐஐடி ஆய்வு கான்கிரீட்டுக்குள் இருந்த, கம்பியை அரிக்கும் குளோரைடைச் சுட்டியது, விரல் கட்டியவர் பக்கம் திரும்பியது. முப்பது ஆண்டு வீட்டில் இப்படித் திரும்பாது. அங்கே குளோரைடு கடற்காற்றில் வந்திருக்கலாம், அன்று கலந்த உப்புத் தண்ணீரில் வந்திருக்கலாம். ‘பில்டிங்கே பழசு சார், நான் என்ன பண்ண முடியும்?’ என்பது கான்ட்ராக்டரின் முதல் பதில். பாதி நேரம் அதில் உண்மையும் இருக்கும். ஒழுங்காகச் சரிசெய்த இடத்தைச் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில், ஒட்டின் விளிம்பை ஒட்டியே, புதிதாகத் துரு கிளம்புவது பொறியாளர்கள் நன்றாக அறிந்த விஷயம்.

அதனால் விரிசல் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒட்டுக்கு வெளியே என்றால் கான்ட்ராக்டர் தப்பிக்கக்கூடும். ஒட்டு அப்படியே கழன்று வந்து, உள்ளே கம்பி முதுகில் பழைய துரு அப்பியிருந்தால் தப்ப முடியாது. நல்ல வேலையில் முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி, துருவை முழுக்கச் சுரண்டி, மெலிந்த கம்பிக்கு ஜோடி சேர்த்துக் கட்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ நிரப்பித் தண்ணீர் விட்டு ஆற்றுவார்கள். மட்டமான வேலையில் முன்பக்கத் துருவைப் பிரஷ்ஷால் தேய்த்து, சிமெண்ட் பால் அடித்து, பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. சொல்லப்போனால் இரண்டாவதுதான் வழவழப்பாக இருக்கும்.

ஆகவே பழைய வீட்டுக்காரர், சட்டம் தராததைத் தானே காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். புரமோட்டர், பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது ரெரா. பழுதுபார்ப்பில் பாதியை அட்வான்ஸாகக் கேட்டாலும் தடுக்க ஆளில்லை. கொட்டேஷனில் ‘பீம் ரிப்பேர் – மொத்தமாக’ என்று ஒரே வரி இருந்தால் எந்த ஆணையமும் திணறும். எவ்வளவு ஆழம் கொத்துவது, என்ன கலவை, எத்தனை ஆண்டு உத்தரவாதம், இவற்றோடு ‘கம்பியை நாங்கள் பார்த்துப் படம் எடுத்த பிறகே பூச்சு’ என்ற வரியும் வேண்டும். தொகையில் கொஞ்சம் நிறுத்திவைத்து ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாகவும் எழுதலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுப்பது நல்லது, பிறகு ‘இவர் யார் என்றே தெரியாது’ என்று கான்ட்ராக்டர் சொல்ல முடியாது.

எதுவும் எழுதாமல் வேலை முடிந்துபோயிருந்தால்? கோபத்தில் உடனே வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டு உடைக்கக் கூடாது, உடைத்தால் ஆதாரம் குப்பை வண்டியில் போய்விடும். சன்ஷேட் தொங்குகிறது, காத்திருக்க முடியாது என்றால் முதலில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, கீழே ஆள் நடக்காமல் கயிறு கட்டலாம். வந்து பார்க்கும்படி நாள் குறித்துக் கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபால் அனுப்பலாம். அவர் வந்தாலும் வராவிட்டாலும், அவரோடு தொடர்பில்லாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு, கொத்தக் கொத்தப் படம் எடுத்து, அறிக்கை வாங்கிய பின்பே புது வேலையைத் தொடங்க வேண்டும். பெயர்ந்த துண்டுகளையும் அரித்த கம்பியையும் தேதி எழுதிச் சாக்கில் கட்டி வைக்கலாம். ஆணையம் அனுப்பும் அட்வகேட் கமிஷனர் வரும் நாளில், பீமில் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.