வீட்டின் ஒரு நாளிலிருந்து தொடங்கும் திட்டம்: மூன்று வயதுக்குட்பட்டோருக்கான ஆரம்பநிலை இடையீட்டில் குடும்பத்தின் அதிகாரம்

அமெரிக்க நாடாளுமன்றம் 1975இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கல்விச் சட்டத்தை இயற்றியபோது, ஒவ்வொரு மாணவருக்கும் எழுத்து வடிவில் ஒரு தனிக் கல்வித் திட்டம் இருந்தாக வேண்டும் என்று விதித்தது. அதன் மையம் மாணவர். பெற்றோர் அதில் பங்கேற்பவர்கள். 1986இல் பொதுச் சட்டம் 99-457 பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளையும் உள்ளே கொண்டுவந்தபோது, பழைய படிவம் சிறு வயதுக்கெனச் சுருக்கப்படவில்லை. ‘தனிக் குடும்பச் சேவைத் திட்டம்’ என்ற வேறொரு ஏற்பாடு உருவானது. பரிந்துரை வந்த 45 நாட்களுக்குள் மதிப்பீடும் முதல் திட்டக் கூட்டமும் நடக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபார்வை. ஆண்டுக்கு ஒருமுறை முழுத் திருத்தம். எல்லாவற்றுக்கும் பொறுப்பாக ஒரு சேவை ஒருங்கிணைப்பாளர். பெற்றோர் எழுத்தில் இசைவு தராமல் எந்தச் சேவையும் தொடங்கக் கூடாது. ஒரு சேவையை அவர்கள் மறுத்தால் மற்றவை நிற்கவும் கூடாது. 1986 சட்டம் குடும்பத்தின் பலங்களையும் தேவைகளையும் பதிவு செய்யச் சொல்லியிருந்தது. இது வல்லுநர்கள் குடும்பத்துக்கே மதிப்பெண் போடும் வேலையாகிவிடக்கூடும் என்பதால், 1991 திருத்தம் அந்த இடத்தில் குடும்பம் தானே முன்வந்து சொல்லும் கவலைகள், முன்னுரிமைகள், கைவசமுள்ள வளங்கள் ஆகியவற்றை வைத்தது. இந்த ஏற்பாட்டின் உயிர் அதன் படிவத்தில் இல்லை, முடிவெடுக்கும் அதிகாரத்தை அது குடும்பத்திடம் கொடுத்ததில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதிகாரம் கைமாறாமல் படிவம் மட்டும் வந்தால் பயன் சிறிது. இந்தியாவின் மாவட்ட இடையீட்டு மையங்கள் அமெரிக்காவிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதானால், அது குடும்பத்திடம் கேள்வி கேட்கும் முறையாகவே இருக்க வேண்டும்.

படிவம் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று அமெரிக்காவிலேயே கிடைக்கிறது. எழுதி முடிக்கப்பட்ட திட்டங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றிலுள்ள இலக்குகள் பல நேரம் பொத்தாம்பொதுவாக இருப்பதையும், சோதனைத் தாளில் குழந்தை தவறவிட்ட செயல்களையே இலக்காக்கியிருப்பதையும் திரும்பத் திரும்பச் சுட்டியிருக்கிறார்கள். இன்னும் சங்கடமான முடிவு, வீட்டுவருகைகளின் ஒளிப்பதிவுகளை வைத்து ஆய்வாளர்கள் கேம்ப்பெலும் சாயரும் 2007இல் வெளியிட்டது. சேவை குழந்தையின் இயல்பான சூழலிலேயே நடக்க வேண்டும் என்ற சட்டவிதிப்படி சிகிச்சையாளர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆனாலும் பெரும்பாலான வருகைகளில் அவர்களே குழந்தையோடு வேலை செய்தார்கள்; தாயோ தந்தையோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிகிச்சை அறை வீட்டுக் கூடத்துக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவுதான். இதைச் சிகிச்சையாளர்களின் அலட்சியம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. குழந்தையின் தசைகளைப் பற்றிப் படித்த ஒருவர், தன் கை அறிந்ததையே செய்வார். ஒரு குடும்பத்தின் நாளைக் கேட்டறியவும் அதற்குள் தன் அறிவைப் பொருத்தி வைக்கவும் அவருக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. கற்றுக்கொடுத்தாலும், அவருடைய வேலை அளக்கப்படுவது எத்தனை அமர்வுகள் நடத்தினார் என்பதால்தான்.

ஒரு எளிய கணக்கு இந்தப் பழக்கத்தின் வரம்பைக் காட்டிவிடும். ஒன்றரை வயதுக் குழந்தை நாளுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் விழித்திருக்கிறது என்றால், வாரத்தில் 84 மணி நேரம். வாரம் ஒரு மணி நேரம் இயன்முறை சிகிச்சை பெறும் குழந்தைக்கு அதில் ஒன்று வல்லுநருடையது. மற்ற 83 வீட்டாருடையவை. ராபின் மெக்வில்லியம் உருவாக்கிய ‘அன்றாட நடைமுறை’ நேர்காணல் இந்த 83 மணி நேரத்தைப் பற்றியது. குழந்தை கண் விழிப்பது முதல் உறங்கப் போவது வரை ஒவ்வொரு வேளையிலும் என்ன நடக்கிறது, மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், குழந்தை அதில் எப்படிப் பங்கெடுக்கிறது, அந்த வேளை வீட்டாருக்கு எவ்வளவு திருப்தி தருகிறது என்று கேட்டு, இறுதியில் குடும்பமே இலக்குகளைத் தேர்ந்து வரிசைப்படுத்துகிறது. தமிழ்நாட்டு வீடு ஒன்றில் இதே கேள்விகளைக் கேட்டால் என்னவெல்லாம் வெளிவரும்? கைக்குழந்தையைப் பாட்டி தன் கால்களை நீட்டி அவற்றின்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் வார்க்கிறார். மூளை முடக்குவாதத்தால் கால்கள் விறைத்திருக்கும் குழந்தைக்கு இது வலிக்கும் வேளையாகவும் இருக்கலாம். கிடத்தும் விதத்தைச் சற்று மாற்றினால், நாளிலேயே தசை மிகவும் தளர்ந்திருக்கும் வேளையாகவும் ஆகலாம். இடுப்பில் தூக்கி வைக்கும் நம் வழக்கம் இரு தொடைகளையும் விரித்து வைப்பதால், கால்கள் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளும் குழந்தைக்கு அது நல்ல நிலை. வீட்டார் அறியாமலே செய்துவரும் சிகிச்சை. தூளியின் கதை வேறு. வேலைக்கு நடுவே குழந்தை அழாமல் இருக்கத் தூளி உதவுகிறது. ஆனால் தசை தளர்ந்த குழந்தை பகலில் பல மணி நேரம் அதற்குள் சுருண்டு கிடந்தால், புரளவும் தலை தூக்கவும் வாய்ப்பே இராது. எந்த வளர்ச்சி அளவுகோலிலும் தூளி நேரத்தைக் கேட்கும் கட்டம் இல்லை. கேட்டுவிட்டு ‘தூளியை நிறுத்துங்கள்’ என்று சொல்வதும் திட்டமாகாது. அந்த நேரத்தில் தாய் என்ன வேலையில் இருக்கிறார், பாயில் விட்டால் யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் சேர்த்து யோசித்து, எந்த ஒரு மணி நேரத்தை மாற்ற முடியும் என்று வீட்டார் முடிவு செய்தால்தான் அது திட்டம். ‘ஆதாரமின்றி ஐந்து நிமிடம் உட்காரும்’ என்பது சிகிச்சையாளரின் இலக்கு. ‘எல்லாரோடும் தரையில் உட்கார்ந்து மதியச் சோறு உண்ணும்’ என்பது குடும்பத்தின் இலக்கு. முன்னது பின்னதற்குள் அடக்கம். பின்னதற்கு நாள்தோறும் தானாகவே பயிற்சி வேளை வந்துவிடுகிறது.

இதற்கான ஆய்வுச் சான்று எவ்வளவு வலுவானது? மிகைப்படுத்தாமல் சொன்னால், நடுத்தரமானது. டன்ஸ்ட், ட்ரிவெட், ஹாம்பி ஆகியோர் 2007இல் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பகுத்தபோது, குடும்பத்தை மையமாகக் கொண்ட உதவிமுறைகள் பெற்றோரின் தன்னம்பிக்கையோடும் திருப்தியோடும் வலுவாகத் தொடர்புற்றிருந்தன. குழந்தையின் வளர்ச்சியோடு இருந்த தொடர்பு பெருமளவு அந்தத் தன்னம்பிக்கை வழியே வந்த மறைமுகத் தொடர்பு. அந்த ஆய்வில் நம் கவனத்துக்குரியது வேறொரு வேறுபாடு: அன்பாகப் பேசுவதும் மரியாதையோடு கேட்பதும் ஒருபுறம், தேர்வையும் முடிவையும் பெற்றோர் கையில் கொடுப்பது மறுபுறம். இரண்டில் பின்னதே கூடுதல் விளைவு காட்டியது. நம் மையங்களில் கனிவான ஊழியர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் கனிவு அதிகாரப் பகிர்வுக்கு ஈடாகாது. குறைப்பிரசவத்தில் எடை குறைந்து பிறந்த 985 குழந்தைகளை எட்டு இடங்களில் பின்தொடர்ந்த அமெரிக்கச் சோதனையிலும், வீட்டுவருகைகளிலும் மையத்திலும் அதிகம் பங்கெடுத்த குடும்பங்களின் குழந்தைகள் மூன்று வயதில் அறிதிறனில் மேலாக இருந்தார்கள். இதை அப்படியே காரணமாகக் கொள்ள முடியாது, ஏனெனில் வசதியும் ஓய்வும் உள்ள குடும்பம்தான் அதிகம் பங்கெடுத்திருக்கலாம். தெற்காசியச் சான்றாக, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளிடம் நடந்த சமவாய்ப்புச் சோதனை 2016இல் வெளியானது. வல்லுநர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் பெற்றோருக்குத் துணைநின்றபோது, குழந்தையின் போக்குக்கு இசைந்து பெற்றோர் பதிலளிப்பது தெளிவாக மேம்பட்டது. குழந்தை தானாகப் பேச்சையும் செயலையும் தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒன்றில் கவனம் பதித்திருக்கும் நேரம் மட்டும் எதிர்பாராமல் குறைந்தது. இந்தக் குழந்தைகளின் வயது 2 முதல் 9 வரை என்பதால் இம்முடிவை மழலையருக்கு நீட்டும்போது கவனம் தேவை. ஆனாலும் நம்மூர்க் குடும்பங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்ற வழக்கமான தீர்ப்புக்கு இது போதிய மறுப்பு.

இந்தியாவின் நிலை விசித்திரமானது: கண்டறிவதில் நாம் திட்டமிட்டுச் செயல்படுகிறோம், கண்டறிந்த பின்னர்தான் திட்டம் காணாமற்போகிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறவிக் குறைபாடு, ஊட்டக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என நான்கு வகைகளில் 30 நிலைகளைத் தேடுகிறது. நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது. அங்கிருந்து குழந்தை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகிறது. குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு, நல்ல வடிவமைப்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 25ஆம் பிரிவில் எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்கச் சொல்கிறது. பரிசோதனைக்குப் பிறகு குடும்பத்தோடு சேர்ந்து எழுதப்படும், குடும்பத்தின் கையிலும் ஒரு பிரதி இருக்கும், காலக்கெடு உள்ள சேவைத் திட்டத்தைக் கோரும் உரிமை அதில் இல்லை. எனவே தாய்க்குக் கிடைப்பது வெவ்வேறு அறைகளில் வெவ்வேறு அறிவுரைகள். ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கலாம். அவற்றைக் கூட்டினால் நாளுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இதற்கு மாற்று இங்கே இல்லாமலும் இல்லை. 1989 முதல் சென்னையில் இயங்கும் மதுரம் நாராயணன் மையம் தாயையும் குழந்தையையும் ஒன்றாகவே வைத்துப் பயிற்சி தந்துவருகிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம், கிராமத்துச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களை வீடுகளுக்கு அனுப்பி, செல்பேசிச் செயலி வழியே வல்லுநரின் வழிகாட்டுதலை அவர்களுக்குச் சேர்க்கிறது. வீட்டுக்குப் போவதற்கு ஆளும் வழியும் தமிழ்நாட்டில் உண்டு என்பதை இரண்டாவது முயற்சி காட்டுகிறது. போன இடத்தில் யார் முடிவெடுக்கிறார் என்ற கேள்வி அங்கும் கேட்கப்பட வேண்டியதே.

மருத்துவத் தரப்பிலிருந்து வரும் எதிர்ப்பு நியாயமானது. பிறவிச் செவித்திறன் குறைபாட்டுக்கு ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் இடையீடு என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கெடு. வீட்டின் முன்னுரிமைக்காக அதைத் தள்ளிப்போட முடியுமா? முடியாது, அப்படிச் செய்யச் சொல்லும் வாதமும் இதுவன்று. கால எல்லை உள்ள மருத்துவ முடிவுகளைத் தெளிவாகவும் அழுத்தமாகவும் சொல்வது வல்லுநரின் கடமை. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செவி உள்வைப்பு அறுவை சிகிச்சை கட்டணமின்றி நடக்கிறது. அதன் பிறகுதான் குடும்பத்தின் வேலை தொடங்குகிறது. கருவி நாள் முழுதும் காதில் இருக்கிறதா, மின்கலம் தீர்ந்தால் யார் மாற்றுவார், குழந்தையோடு அதிகம் பேசுகிறவர் யார் என்பவற்றைப் பொறுத்தே மொழி வரும். பகலில் குழந்தை பாட்டியிடம் இருக்க, பயிற்சி மட்டும் வேலைக்குப் போகும் தாய்க்குக் கிடைத்தால், அறுவை சிகிச்சை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் பாதிப் பயன்தான்.

பெண்ணிய நோக்கிலிருந்து எழும் எதிர்ப்பு இதைவிடக் கடினமானது: ‘குடும்பம்’ என்று எழுதினால் அது ‘தாய்’ என்றுதான் படிக்கப்படும், ஏற்கெனவே நொந்திருப்பவளின் தலையில் சிகிச்சையாளர் வேலையையும் கட்டி, பலன் வராவிட்டால் பழியையும் அவள்மீதே போடலாம். இந்த ஆபத்து உண்மையானது. பல வீட்டுப் பயிற்சித் தாள்கள் இப்போதே இதைத்தான் செய்கின்றன. குடும்பத்திடம் வேலையை ஒப்படைத்துவிட்டு அதிகாரத்தை வைத்துக்கொள்வதன் விளைவு அது. அன்றாட நடைமுறையிலிருந்து தொடங்கினால் முதலில் வெளிப்படுவதே யாருக்கு நேரம் இல்லை என்பதுதான். திட்டத்தில் செய்ய வேண்டியவற்றோடு, குடும்பம் இப்போதைக்குச் செய்யப்போவதில்லை என்று முடிவுசெய்தவற்றையும் எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது ‘பயிற்சி கொடுத்தீர்களா?’ என்ற விசாரணை நடவாதிருக்க அந்தப் பதிவு வேண்டும். திட்டக் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு மாவட்டத் தலைமையிடத்தில் வைத்தால் தாய் மட்டுமே வருவார், அதுவும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு. தந்தையும் வீட்டில் முடிவெடுக்கும் மூத்தவர்களும் இருக்கும் நேரத்தில், அவர்கள் இருக்கும் இடத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அது நடக்க வேண்டும். மூத்தவர்களைக் கூட்டினால் மருமகளின் குரல் அடங்கிவிடாதா என்று கேட்கலாம். அடங்கும் வீடுகள் உண்டு. அதனால் தாயிடம் தனியாகப் பேசும் வாய்ப்பும் முன்கூட்டியே திட்டத்தில் இடம்பெற வேண்டும். இது நுட்பமான வேலை. சமூகப் பணியாளரின் பணியிடம் காலியாக இருக்கும் மையத்தில் இதை எதிர்பார்ப்பது வீண்.

ஆள் பற்றாக்குறையும் நேரமின்மையும் இருக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும் அன்றாட நடைமுறை நேர்காணல் ஆடம்பரம் என்பார் நிர்வாகி. ஆனால் பேருந்து ஏறி வந்து, வரிசையில் நின்று, அரை மணி நேரச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் குடும்பங்கள் சில வாரங்களில் நின்றுபோவதற்கும் செலவு உண்டு. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாததால் இலவசமாகத் தோன்றுகிறது. மையங்களின் அறிக்கைகள் பரிசோதிக்கப்பட்டோர், பரிந்துரைக்கப்பட்டோர், சிகிச்சை பெற்றோர் என்று எண்ணுகின்றன. எத்தனை குடும்பங்களின் கையில் அவர்களே தேர்ந்த இலக்குகளோடு தமிழில் எழுதிய ஒரு பக்கத் திட்டம் இருக்கிறது, அவற்றில் எத்தனை திட்டங்கள் ஆறு மாதத்தில் திருத்தப்பட்டன என்ற இரண்டு எண்களையும் சேர்த்துக் கேட்டால் போதும், வேலையின் போக்கு மாறத் தொடங்கும். அமெரிக்கச் சட்டம் மூன்றாம் பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன்பே அடுத்த கட்டத்துக்கான மாற்றத்தைப் பேசி முடிக்கச் சொல்கிறது. இங்கே அந்த ஒரு பக்கம் குழந்தையோடு அங்கன்வாடிக்குப் போகலாம். அங்கிருக்கும் பணியாளருக்கு ஆங்கிலத்தில் எழுதிய மதிப்பீட்டறிக்கையைவிட, குழந்தை எந்தப் பக்கம் அணை கொடுத்தால் நிமிர்ந்து உட்காரும், தண்ணீர் வேண்டுமென்றால் என்ன சைகை காட்டும், யார் ஊட்டினால் உண்ணும் என்ற சில வரிகள் முதல் நாளிலேயே பயன்படும்.