கப்பலுக்குள் குடியேறிய மீன்கள்

கல்முனைச் சந்தையில் பாரை, கலவாய், சீலா எல்லாம் நமக்குப் பழக்கம்தான், ஆனா ஐஸ் பெட்டியில. உயிரோட பார்க்கணும்னா வடக்கே மட்டக்களப்புக் கடலுக்குள் இறங்கலாம்.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் அங்கே பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கிதான், ஆனா அதைக் காக்கப் பறக்க அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை!

வெறும் மணல் தரையில் இரும்பு விழுந்தால் காலப்போக்கில் அதுவே பார் ஆகிவிடும். சிப்பி ஒட்டும், சின்ன மீன் ஒதுங்கும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். ஹெர்மிஸ் கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு ஸ்கூபாவுக்கு எல்லையே 40தான். அதைவிட எளிதில் எட்டக்கூடியது, அதே நாளில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் பிரிட்டிஷ் சார்ஜென்ட், பாசிக்குடாப் பக்கம்.

நான் முதலில் தேடப்போவது கலவாயைத்தான். பொந்தை விட்டு அது லேசில் வெளியே வராது.